ஹெர்மன் ஹெஸ்ஸேவின் சித்தூர்ச் சொந்தம்



ஆர்.கே.பேட்டைக்காரர்களுக்குச் சித்தூர் அயலூர் அல்ல. பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர். 1960இல் மாநில எல்லை திருத்தப்படும் வரை ஆர்.கே.பேட்டை இருக்கும் திருத்தணிப் பக்கமே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தச் சித்தூரில் 1838இல் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஹெர்மன் குண்டர்ட், ஸ்டுட்கார்ட்டில் பிறந்த ஜெர்மானியர். பெண் ஜூலி துபுவா, சுவிட்சர்லாந்துக்காரர். இருவரும் கிறிஸ்தவ ஊழியத்துக்காகக் கப்பலேறி வந்தவர்கள். இவர்களுடைய மகள் வயிற்றுப் பேரன்தான், 1946இல் நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸே.

குண்டர்ட் 1836இல் சென்னைக்கு வந்தவர். திருநெல்வேலியில் தமிழ் கற்றார். கல்யாணத்துக்குப் பிறகு மங்களூர் போய், அங்கிருந்து தலைச்சேரியில் குடியேறினார். மதம் பரப்ப வந்தவரை மொழி பிடித்துக்கொண்டது. 1847இல் 'ராஜ்யசமாசாரம்' என்ற மலையாள இதழைத் தொடங்கினார். மலையாளத்துக்கு இலக்கணம் எழுதினார். அவருடைய மலையாள - ஆங்கில அகராதி 1872இல் வந்தது.

மகள் மேரி 1842இல் தலைச்சேரியில் பிறந்தார். நான்கு வயதில் அவரை ஐரோப்பாவில் விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினார்கள். மிஷனரிக் குடும்பங்களில் அன்று அதுதான் வழக்கம். பெற்றோர் எங்கோ இருக்க, பிள்ளை வேறெங்கோ வளர்ந்தது. வளர்ந்தபின் மேரி மணந்த மிஷனரி இறந்துபோக, மங்களூரில் ஊழியம் செய்து உடல்நலம் கெட்டு ஊர் திரும்பியிருந்த யோகான்னஸ் ஹெஸ்ஸேவை 1874இல் மறுமணம் செய்துகொண்டார். 1877 ஜூலை 2ஆம் தேதி, ஜெர்மனியின் கால்வ் என்னும் சிற்றூரில் ஹெர்மன் ஹெஸ்ஸே பிறந்தார்.

பையனையும் ஊழியக்காரனாக்க வீட்டில் ஆசை. மௌல்பிரான் மடத்துப் பள்ளியில் 1891இல் சேர்த்தார்கள். அடுத்த மார்ச்சிலேயே அங்கிருந்து ஓடினான். மறுநாள் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அப்போது ஜெர்மனி திரும்பியிருந்த தாத்தா குண்டர்ட் மட்டும் திட்டவில்லையாம். மேதைகள் போகிற உலா ஒன்று போய் வந்தாயாமே என்று சிரித்தாராம். அப்பாவோடு மூண்ட பிணக்கோ எளிதில் தீரவில்லை. பையன் கடிகாரத் தொழிற்கூடத்தில் பட்டறை வேலை பார்த்தான், புத்தகக் கடையில் பயிற்சிக்குச் சேர்ந்தான். 1904இல் 'பீட்டர் கமென்சிண்ட்' நாவல் வந்து அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

தாத்தா உழைத்த மண்ணைப் பார்க்கும் எண்ணத்தோடு 1911இல் கப்பலேறினார். சிங்கப்பூர், சுமத்ரா, இலங்கை என்று சுற்றினார். வெயிலும் வயிற்றுக்கோளாறும் வாட்டின. தாத்தாவின் தலைச்சேரி இருக்கும் மலபாரை மிதிக்காமலே திரும்பிவிட்டார். இந்தியப் பெருநிலத்தில் அவர் கால் வைத்ததே இல்லை.

அப்படிப்பட்டவர் எழுதியதுதான் 1922இல் வெளியான 'சித்தார்த்தா'. புத்தர் காலத்துப் பிராமண இளைஞன் ஒருவன் வீட்டைத் துறந்து அலைந்து திரியும் தவசிகளோடு போகிறான். புத்தரையே நேரில் கண்டும் அவருக்குச் சீடனாக மறுக்கிறான். கமலா என்ற கணிகை, காமசுவாமி என்ற வணிகன், கடைசியில் ஆற்றங்கரையில் ஓடக்காரர் வாசுதேவர். புத்தர் காலத்து வணிகனுக்குக் காமசுவாமி என்று பெயரா என நமக்குச் சிரிப்பு வரும். இந்தியாவைத் தெரிந்துகொள்ள இந்த நாவலைப் புரட்டினால் இப்படிக் குறைகள் நிறையத் தட்டுப்படும்.

என் கருத்து, இது தகப்பனுக்கும் பிள்ளைக்கும் நடக்கும் வழக்கு. வேதம் படித்த தந்தையின் வீட்டை விட்டு வெளியேறும் சித்தார்த்தன், மௌல்பிரானிலிருந்து ஓடிய சிறுவன்தான். ஆனால் எழுதும்போது ஹெஸ்ஸேவுக்கு நாற்பது கடந்துவிட்டது. தந்தை 1916இல் இறந்துவிட்டார். தமக்கே மூன்று மகன்கள். பாதியில் நாவல் நின்றுபோய், நெடுநாள் கழித்தே மீண்டும் நகர்ந்தது. அந்தப் பின்பாதியில் சித்தார்த்தனின் மகன் அவனை விட்டு ஓடுகிறான். தான் கொடுத்த வலி தனக்கே திரும்பும்போதுதான் தன் தந்தையை அவன் நினைக்கிறான். துறவும் தவமும் கற்றுத் தராததை இந்த மகன் கற்றுத் தருகிறான்.

இந்தியாவை ஹெஸ்ஸே கப்பலில் போய்ப் பெறவில்லை. கால்வில் தாத்தாவின் நூலகத்திலும் அம்மாவின் பேச்சிலும் பெற்றார். தந்தையோடு போட்ட சண்டையை எழுத அதே குடும்பம் கொண்டுவந்த கதைக்களத்தையே எடுத்துக்கொண்டார்.

'சித்தார்த்தா'வைத் திருலோக சீதாராம் தமிழில் தந்திருக்கிறார். கிடைத்தால் முதல் அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள். அனுமதி கேட்டு மகன் இரவெல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கிறான். தந்தை தூங்க முடியாமல் மணிக்கொரு தரம் எழுந்து வந்து பார்க்கிறார். இளவயதில் படிப்பவர்கள் மகனின் உறுதியை மெச்சுவார்கள். பிள்ளை பெற்றவர்கள் அந்தத் தந்தையோடு விழித்திருப்பார்கள். ஹெஸ்ஸே இருவரையும் அறிந்தவர்.