ஆறாத காற்புண்

என் பாட்டியார் தம் கணுக்காற் புண்ணுக்கு ஆறாண்டுகள் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார். நாங்களும் புண்ணையே நோக்கினோம்; காலின் வீக்கத்தை நோக்கவில்லை. கணுக்காலின் உட்புறம், கறுத்துத் தடித்த தோலிடையே நீர் கசியும் ஆழமற்ற புண், பெரும்பாலும் சிரைகளில் குருதி மேலேறாது தேங்குவதால் வருவது. அதனை ஆற்றுவது களிம்பன்று. பாதம் முதல் முழங்காலின் கீழ்வரை சுற்றும் அழுத்தக் கட்டே. ஆயின் விரல் நுனியில் கடும் வலியோடு தோன்றும் புண் தமனி அடைப்பால் விளைந்ததாகலாம்; அங்கு இறுக்கிக் கட்டினால் காலையே இழக்க நேரும். ஆதலின் கட்டுமுன், கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டு அளக்குமாறு கேளுங்கள். விகிதம் 0.8க்குக் குறைந்தால் முழு அழுத்தக் கட்டு ஆகாது. நீரிழிவுடையோர்க்கு இவ்விகிதம் பொய்யாக உயர்ந்தும் காட்டலாம். இரு வாரத்தில் ஆறத் தொடங்காத காற்புண் எதுவாயினும் மருத்துவரிடம் காட்டுங்கள்.