மழை இயற்கை, விபத்து நம் கையில்



"பெருமழை பெய்தால் யார் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிப் பழகிவிட்டோம். மழையை நிறுத்த முடியாதுதான். ஆனால் வெள்ளம் வரும் இடத்தில் ரசாயனத் தொட்டியை எப்படி வைப்பது என்பதை மனிதன்தானே முடிவு செய்கிறான்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைத் தாக்கியது. மணலி சுத்திகரிப்பு ஆலை எண்ணெய் வெள்ளத்தில் கலந்து, எண்ணூர் மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு, உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. மூச்சுத்திணறிப் பலர் மருத்துவமனைக்கு ஓடினார்கள். புயலில் பாறைகள் நகர்ந்து குழாய் சேதமடைந்திருக்கலாம் என்றது விசாரணைக் குழு.

அம்மோனியா நமக்குப் புதிதா? ரப்பர் பால் உறையாமலிருக்க ஊற்றுவது அதுதான். குரூண் உர ஆலையில் தயாராவதும் அதுதான். கெடாவுக்கு வெள்ளமும் புதிதல்ல. 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து திடீர் வெள்ளம் இறங்கியது. 2022 ஜூலை 4இல் பாலிங், கூப்பாங் வெள்ளத்தில் மூவர் மாண்டனர். இனி எந்த முதலாளியும் "எதிர்பாராத வெள்ளம்" என்று கைவிரிக்க முடியாது.

சட்டம் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டு பெருவிபத்துக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பேரபாய ஆலைகள் அக்கம்பக்கத்து மக்களிடம், விபத்து நேர்ந்தால் என்ன செய்வதென முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆலைக்கு வெளியே உள்ளோருக்கான அவசரத் திட்டத்தை ஊராட்சித் துறை தயாரிக்க வேண்டும். 2024 ஜூன் 1 முதல், வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலாளிகளுக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது.

கடும் சட்டம் விபத்தைத் தடுக்குமா? தடுக்கும், மழைக்கு முன்பே அது ஆலை வாசலுக்கு வந்தால். அபராதமோ விபத்துக்குப் பிறகு வருவது. அதற்குள் வேலிக்கு அடுத்த தாமானில் மலிவு வீட்டில் குடியிருப்பவன் மூச்சுத்திணறிவிடுவான்.

ஆகவே கேளுங்கள். நகராண்மைக் கழகத்திடம், "எங்கள் தாமானுக்கான அவசரத் திட்டம் எங்கே?" என்று கேளுங்கள். ஆலையிடம், "வெள்ளத்தில் மின்சாரம் போனால் தொட்டி என்னவாகும்? எந்தப் பக்கம் ஓடுவது?" என்று கேளுங்கள். நமக்குப் புரியும் மொழியில் பதில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். பத்துக் குடும்பமாகச் சேர்ந்து, கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லுங்கள். உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், முதலாளியிடம் சொல்லலாம். அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால் அங்கிருந்து விலகலாம். அதே சட்டத்தின் 26ஏ பிரிவு தரும் உரிமை அது. ஷிப்ட் அலவன்ஸ் போகுமே என்று வெள்ளத்தில் நிற்க வேண்டாம்.