குடும்பமும் கூட்டு விளையாட்டும்

சூதினால் ஒரு குடும்பம் சிதைந்த கதையைத் தமிழர் அறியாதவரல்லர். அத்தினாபுரத்து மண்டபத்தில் உருண்ட கவறு, ஒரு குலத்துப் பிள்ளைகளை இரு படைகளாகப் பிரித்து, ஈற்றில் குருக்கேத்திரம் வரை கொண்டு சென்றது. வள்ளுவரும் பொருட்பாலிற் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். ஆயினும், கவறும் காயும் பலகையும் தம்மளவிற் குற்றமுடையன அல்ல. பலகையைச் சுற்றி அமர்ந்திருப்போர் ஒருவரையொருவர் எவ்வாறு நோக்க வேண்டும் என்று விதி கூறுகின்றது என்பதே இங்கு கருதத்தக்கது. எதிரே இருப்பவன் பகைவன் என்று விதித்தால் ஒன்று நிகழும். எதிரே இருப்பவன் துணைவன் என்று விதித்தால் முற்றிலும் வேறொன்று நிகழும்.

பழைய வீட்டு விளையாட்டுகள் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை. வைகுண்ட ஏகாதசி இரவிற் கண்விழிப்பதற்காக ஆடப்பெற்ற பரமபதம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்று, பாம்பும் ஏணியும் என்ற சிறுவர் விளையாட்டாயிற்று. தாயத்தின் இனத்ததாகிய பச்சீசி, அங்கே 1896இல் லூடோ என்ற பெயரிற் பதிவு பெற்றது. இவற்றில் ஒவ்வொருவரும் தத்தம் காயைத் தாமே கரைசேர்க்க வேண்டும். பழமாகும் தறுவாயிற் காய் வெட்டுண்ட சிறுவன் முகம் சிவந்து எழுந்து போவதைக் காணாத வீடு எது? வெட்டியவள் அவனுடைய அக்காவாகவே இருப்பாள். விளையாட்டு முடிந்த பின்னரும் அந்த வெட்டு ஆறுவதில்லை.

இரண்டாவது வகை விளையாட்டு சென்ற அரை நூற்றாண்டிலேதான் நன்கு வளர்ந்தது. இதிற் குடும்பத்தார் அனைவரும் ஒரே அணி. அவர்களுக்கு எதிராக நிற்பது ஆளன்று. பலகையும், சீட்டுக் கட்டும், ஓடுகின்ற காலமுமே. வென்றால் அனைவரும் வெல்வர். தோற்றால் அனைவரும் தோற்பர். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தைச் சேர்ந்த ஜிம் டீக்கோவ் என்பவர், பிள்ளைகளுக்குப் பகிர்ந்து விளையாடும் பழக்கத்தை ஊட்ட விரும்பி, 1972இல் இத்தகைய விளையாட்டுகளை மட்டுமே ஆக்கும் சிறு தொழிலொன்றைத் தொடங்கினார். 1986இல் ஜேர்மனியிலிருந்து பழத்தோட்டம் என்ற விளையாட்டு வெளிவந்தது. நான்கு மரங்களில் 40 பழங்கள்; பறித்துக் கூடையில் இடுவது பிள்ளைகளின் வேலை. கட்டையின் ஆறு முகங்களுள் ஒன்றிற் காக இனத்துப் பறவையொன்றின் உருவம் இருக்கும். அது விழுந்தோறும் அப்பறவையின் படத் துண்டொன்று வைக்கப்படும். பழங்கள் தீருமுன் ஒன்பது துண்டுகளும் கூடிவிட்டால் தோட்டம் பறவைக்கே. மூன்று வயதுப் பிள்ளையும் இதனை அண்ணனோடு சரியாசனத்திலிருந்து விளையாடும்.

மாயக்கதை இவ்விளையாட்டுகளுட் புகுந்தது வேறொரு வழியால். ஒக்ஸ்போர்ட்டிற் பேராசிரியராயிருந்த ரொல்கின், 1937இல் ஒரு சிறுவர் கதையையும், 1954, 1955ஆம் ஆண்டுகளில் மோதிரத் தலைவனைப் பற்றிய மூன்று தொகுதிப் பெருங்கதையையும் வெளியிட்டார். குள்ளரும் வில்லாளரும் மந்திரவாதிகளும் உலவும் அக்கதையுலகம் பலரையும் ஆட்கொண்டது. 1974இல் அமெரிக்கரான கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் நிலவறைகளும் பறவைநாகங்களும் என்ற பொருள்படும் பெயரில் ஒரு விளையாட்டை வெளியிட்டனர். ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் வீரர்களாகி ஒருங்கே பயணம் செய்வர்; வென்றவர் தோற்றவர் என்ற கணக்கே அதில் இல்லை.

2000ஆம் ஆண்டில், கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற ஜேர்மானியரான றைனர் கினீசியா, ரொல்கினின் பெருங்கதையைப் பலகைக்குக் கொண்டு வந்தார். அதில் விளையாடுவோர் அனைவரும் சிறிய உருவமுடைய எளிய மாந்தர். தீய மோதிரத்தை அழிக்கும் பொறுப்பு அவர்கள் அனைவருக்கும் பொது. இருளின் தலைவன் பலகையில் ஒரு கோட்டின் மறுமுனையிலிருந்து அவர்களை நோக்கி நகர்வான். அவன் கையில் ஒருவர் அகப்பட்டால் அவருடைய விளையாட்டு முடிந்தது. ஆயின் மோதிரத்தைத் தாங்கியவர் தப்பியிருக்கும் வரை ஏனையோர் பயணத்தைத் தொடரலாம். ஆதலின், பிறர் கரைசேரத் தாம் வீழ்வதற்கு ஒருவர் மனமுவந்து முன்வருவதும் உண்டு. வீழ்ந்தவரும் வெற்றியிற் பங்குடையவரே.

இதனாலே தூண்டப்பெற்ற அமெரிக்கரான மற் லீக்கொக், 2008இற் கொள்ளைநோய் பற்றிய விளையாட்டொன்றையும், 2010இற் கடலுள் மூழ்கும் தீவொன்றிலிருந்து நான்கு செல்வங்களை மீட்கும் விளையாட்டையும் ஆக்கினார். பின்னையதிற் செல்வங்கள் நான்கையும் எடுத்தாலும் போதாது. கூடச் சென்றவர்களுள் ஒருவரையேனும் தீவில் விட்டு மீள முடியாது. 2013இல் ஜேர்மனியின் ஆண்டு விளையாட்டுப் பரிசும், பயின்றோருக்கான பரிசும் ஆகிய இரண்டும் கூட்டு விளையாட்டுகளுக்கே கிடைத்தன. அவற்றுட் பின்னதைப் பெற்றது, ஓவியரான மிக்காயேல் மென்சல் ஆக்கிய அண்டோரின் கதைகள்.

அண்டோர் என்பது கற்பனை நாடு. பலகையில் ஆறும் காடும் மலையும், ஒரு கோட்டையும் தீட்டப்பட்டுள்ளன. இருவர் முதல் நால்வர் வரை விளையாடலாம். ஒருவர் போர்வீரர், ஒருவர் வில்லாளர், ஒருவர் குள்ளர், ஒருவர் மந்திரவாதி. ஒவ்வொரு பாத்திரமும் ஆணுருவாகவும் பெண்ணுருவாகவும் கிடைப்பதால், தாயும் மகளும் ஆண்வேடம் பூணவேண்டியதில்லை. ஒவ்வொரு விடியலிலும் கொடிய உயிர்கள் கோட்டையை நோக்கி ஒருபடி நகரும். கோட்டைக்குட் சில கேடயங்கள் உண்டு. உட்புகும் ஒவ்வொரு கொடிய உயிரும் ஒரு கேடயத்தைக் கவர்ந்துகொள்ளும். கேடயங்கள் தீர்ந்தபின் இன்னும் ஒன்று புகுந்தால் அனைவரும் தோற்றவராவர்.

அவ்வாறாயின் வந்தவற்றையெல்லாம் வெட்டி வீழ்த்தினாற் போதுமே என்று தோன்றும். விளையாட்டின் நுட்பம் அங்கேதான் இருக்கின்றது. பலகையின் ஓரத்திற் கதைசொல்லி என்ற காய் 14 படிகளில் ஏறிச் செல்கின்றது. நாளொன்று கழிந்தால் அது ஒருபடி ஏறும். கொடிய உயிரொன்று வீழ்ந்தாலும் ஒருபடி ஏறும். அது உச்சியை அடையுமுன் குறித்த கடமை முடிந்தாக வேண்டும். எனவே, ஒவ்வொரு கொலையும் காலத்தை உண்ணுகின்றது. எதை எதிர்ப்பது, எதை விட்டு விலகுவது என்று கூடிப் பேசியே துணிய வேண்டும். இருவர் ஒரே இடத்தில் நின்று பொருதால் அவர்தம் வலிமை ஒன்றாகக் கூட்டப்படும். கிடைக்கும் பொன்னை இன்னாருக்கு இவ்வளவு என்று விதி பங்கிடுவதில்லை. விளையாடுவோரே பேசிப் பங்கிட வேண்டும். உடன்பிறந்தார்க்கு இதனினும் நல்ல பயிற்சி வேறு யாது?

இனி, இவ்விளையாட்டு நடைபெறும் ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். இராச் சாப்பாடு முடிந்துவிட்டது. தந்தை போர்வீரர், அப்பம்மா மந்திரவாதி, பதினைந்து வயது மகள் வில்லாளி, ஒன்பது வயது மகன் குள்ளன். கோட்டையின் கேடயங்கள் தீர்ந்துவிட்டன. வாயிலின் அருகே ஒரு கொடிய உயிர் நிற்கின்றது, விடிந்தால் உட்புகுந்துவிடும். சிறுவனுடைய காயோ சற்றுத் தொலைவில், வயலில் நிற்கும் ஒரு குடியானவனின் அருகே இருக்கின்றது. தந்தை கணக்குப் போட்டு, "தம்பி, நீ வந்து என்னோடு நில். இரண்டு பேருமாக அதை வீழ்த்துவோம்" என்கிறார். சிறுவன் காயைத் தொடவில்லை. "அப்பா, இந்த ஆளைத் தனியே விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. அந்த வழியால் இன்னொன்று வருகிறது. இவரைத் தின்றுவிடும்" என்கிறான்.

தந்தைக்கு எழுந்த முதல் எண்ணம், கையை நீட்டித் தாமே அக்காயை நகர்த்திவிட வேண்டும் என்பது. அப்பம்மா அவரைப் பார்க்கிறார், கை நின்றுவிடுகிறது. சிறுவன் குடியானவனைக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குள் நுழைகிறான். அப்பொழுது அக்கா விதியை நினைவூட்டுகிறாள்: கோட்டையை அடையும் ஒவ்வொரு குடியானவனும் ஒரு கேடயத்துக்குச் சமன். விடிகிறது, கொடிய உயிர் புகுகின்றது, ஆயினும் கோட்டை நிற்கின்றது. அதனை வீழ்த்தியிருந்தால் ஒருபடி காலம் போயிருக்கும். குடியானவனைக் காத்ததிற் காலமும் மிஞ்சியது. "தம்பியின் கணக்குத்தான் சரி" என்கிறார் தந்தை. சிறுவன் போட்டது கணக்கன்று, இரக்கம். ஆயினும் அவ்வொரு சொல்லை அவன் நெடுநாள் நினைத்திருப்பான்.

தந்தையின் கை நீண்டிருந்தால் என்னவாயிருக்கும்? இத்தகைய விளையாட்டுகளுக்குரிய பெருங்கேடு அதுவேயாகும். போட்டி விளையாட்டிற் பெரியவர் சிறியவருக்கு வழிசொல்ல முடியாது, அவர் எதிராளி. கூட்டு விளையாட்டிலோ அன்பின் பெயராலே ஆணையிடலாம். "நீ அங்கே போ, நீ இதை எடு" என்று ஒருவரே நால்வருடைய காய்களையும் நடத்தத் தலைப்பட்டால், ஏனைய மூவரும் வெறும் கைகளாகிவிடுவர். பெற்றோரே தீர்மானித்து, பிள்ளையின் வாயால் அதனைச் சொல்விக்கும் வீடுகள் உள. பாடத்தெரிவு முதல் தொழில்தெரிவு வரை அவ்வாறே நடைபெறும். அதன் சிறிய உருவத்தையே பலகையின் முன் காண்கிறோம். வெற்றி கிட்டினாலும், அது அப்பாவின் வெற்றி என்று பிள்ளைக்குத் தெரியும்.

விளையாட்டை ஆக்குவோரும் இக்குறையை உணர்ந்துள்ளனர். 2013இல் ஆண்டுப் பரிசு பெற்ற ஹனபி என்ற சீட்டு விளையாட்டில், ஒருவர் தம் சீட்டுகளைத் தாம் பார்க்க இயலாது, மற்றவர்களே பார்ப்பர். ஆகவே ஒருவரை ஒருவர் நம்பியே ஆகவேண்டும். 2017இல் வெளிவந்த மாயச் சிக்கல் என்னும் பொருளுடைய விளையாட்டிலோ வீரர் நால்வரும் அனைவருக்கும் பொது. ஒருவர் வடக்கே மட்டும், இன்னொருவர் கிழக்கே மட்டும் என்று ஒவ்வொருவரும் ஒரு திசையிலேதான் அவர்களை நகர்த்தலாம். பெரும்பாலான நேரம் வாய்திறந்து பேசுவதற்கும் தடை. அங்கே தந்தையின் ஆணைக்கு இடமேயில்லை.

வீட்டில் இரண்டு ஒழுங்குகளை வைத்துக்கொண்டாலே பெரும்பயன் கிட்டும். முதலாவது, கருத்துச் சொல்வதில் இளையவரே முதல்வர். மூத்தவர் ஈற்றிலேயே பேச வேண்டும். இரண்டாவது, ஒரு காயைப் பற்றிய இறுதிச் சொல் அக்காய்க்கு உரியவருடையது. அவர் தவறினாலும் அது அவருடைய தவறாகவே இருக்கட்டும்.

தோல்வியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கூட்டு விளையாட்டிற் பகை இல்லை என்று கூறுவது முழு உண்மையன்று. "உன்னாலேதான் தோற்றோம்" என்ற சொல் எளிதிற் பிறக்கும். தன் அணியாரிடமிருந்து வருவதால் அது எதிராளியின் ஏளனத்தினும் ஆழமாகத் தைக்கும். ஆதலின், தோற்ற இரவில் ஒவ்வொருவரும் தம்முடைய பிழை ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு எழுவது நன்று. தொடங்குபவர் தந்தையாகவோ தாயாகவோ இருத்தல் வேண்டும். பெரியவரும் பிழைசெய்வர், அதனை ஒப்புக்கொண்டும் மதிப்போடு இருப்பர் என்பதைப் பிள்ளை கற்பது அவ்விடத்திலேயாம்.

இவற்றின் பயன் வெறும் நம்பிக்கையன்று. 1994இல் அமெரிக்க உளவியல் ஆய்விதழொன்றில் வெளியான ஆய்வில், நான்கைந்து வயதுச் சிறுவர்கள் கூட்டு விளையாட்டிலும் போட்டி விளையாட்டிலும் மாறிமாறி ஈடுபடுத்தப்பட்டனர். கூட்டாக விளையாடிய காலங்களில் ஒத்துழைப்பு மிகுந்து முரட்டுச் செயல்கள் குறைந்தன. போட்டிக் காலங்களில் நிலைமை எதிர்மாறாயிற்று. எனினும், போட்டியே கூடாதென்று முடிவுகட்டுதல் தவறு. சதுரங்கமும் கிளித்தட்டும் தரும் துணிவையும் கூர்மையையும் பிள்ளைகள் இழக்கலாகாது. இரண்டும் வேண்டும், ஒன்று மட்டுமே இருந்தது என்பதுதான் குறை.

இப்பெட்டிகள் பிறநாட்டவை, விலையும் மிகுதி. ஆயின் பழத்தோட்டத்தை ஒரு மட்டைத் துண்டிலும், புளியங்கொட்டைகளைக் கொண்டும் வீட்டிலேயே ஆக்கிவிடலாம். பறவைக்கு நம் காகம் இருக்கின்றது. பெரிய கதை விளையாட்டின் சீட்டுகள் ஆங்கிலத்தில் இருந்தால், மகள் அவற்றைப் படித்துத் தமிழிற் சொல்லட்டும். அப்பம்மாவும் விளையாட்டிற் சேர்ந்துகொள்வார். பலகையை மடித்து வைத்த பின்னரும் அவர்கள் அந்தக் குடியானவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். தாயத்தில் வெட்டுண்டு எழுந்து போன சிறுவன், இந்தப் பலகையின் முன் ஈற்றுவரை அமர்ந்திருக்கிறான். தோற்றாலும், விளக்கை அணைக்குமுன், "நாளைக்கும் விளையாடுவோமா?" என்று அக்காவிடம் அவனே கேட்பான்.