ஆர்மோனியப் பெட்டிக்கு எண்ணெய் விடாதீங்க
(கூட்டமைப்புக் கூட்டத்தில் மணிமங்கலம் குழுவினர் பேசியது)

கடன், தவணை பற்றி எல்லோரும் பேசிட்டீங்க. நாங்கள் எங்கள் ஆர்மோனியப் பெட்டியைப் பற்றிப் பேச வந்தோம். சிரிக்காதீங்க, இதிலும் கணக்கு இருக்கு.

எங்கள் குழுவில் ஏழு பேர் புரட்டாசி சனிக்கிழமையும் மார்கழி மாசமும் பஜனை பாடுகிறோம். கிடைக்கிற பணம் பெட்டி வாடகைக்கே சரியாப் போனதால், உள்கடன் எடுத்துப் பழைய பெட்டி ஒன்று வாங்கினோம். ஐப்பசி மழையில் நாலைந்து கட்டைகள் அமுக்கினால் எழும்பவில்லை. தையல் மெஷின் இறுகினால் என்ன செய்வோம்? எண்ணெய் விடுவோம். அதையே இதற்கும் செய்தோம். ரெண்டு நாள் நல்லா இருந்தது. அப்புறம் கட்டையைத் தொடாமலே பெட்டி கத்த ஆரம்பித்தது. மார்கழியில் ஒரு வாரப் பாட்டு போச்சு. பழுது பார்த்த கூலி இரண்டு தவணைக்குச் சமம். "எண்ணெய் விடச் சொன்னது யார்?" என்று கூட்டத்தில் ஒரே சண்டை. ஒரு அக்கா குழுவை விட்டே விலகுகிறேன் என்றார்.

பழுது பார்த்த பெரியவர் மேல்பலகையைக் கழற்றி எங்களைப் பார்க்கச் சொன்னார். அன்றுதான் விஷயம் புரிந்தது. இது காற்றில் ஓடுகிற பெட்டி. துருத்தி போட்டால் காற்று உள்ளே அறையில் சேருகிறது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துளை, அதன்மேல் தோல் ஒட்டிய சின்ன மூடி. கட்டையை அமுக்கினால் மூடி தூக்கும். காற்று பித்தளை நாக்கை அதிர வைத்து வெளியே வரும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் மூடியை மறுபடி அடைக்கும். எங்கள் பெட்டியில் 42 கட்டை, கட்டைக்கு இரண்டு நாக்கு, ஆக 84. எண்ணெய் தோலில் இறங்கி, அதில் தூசி ஒட்டி, மூடி சரியாக உட்காரவில்லை. அதனால்தான் கத்தல். பியானோவும் இப்படித்தானா என்று ஒரு தங்கை கேட்டாள். அதில் காற்று கிடையாது, கம்பளி ஒட்டிய சுத்தி கம்பியைத் தட்டும். ஆனால் மழையில் மரம் ஊதிக் கட்டை சிக்குவது அதற்கும் உண்டு.

இந்தப் பெட்டி 1840-களில் பிரான்சில் காலால் மிதிக்கிற வாத்தியமாக வந்தது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பவர் அதைத் தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போடுகிற மாதிரி மாற்றினார். கமகம் வராது என்று அகில இந்திய வானொலி 1940-ல் இதைத் தடை செய்தது. 1971-ல்தான் தடை கொஞ்சம் தளர்ந்தது. நம் ஊர்க் கூத்திலும் நாடகத்திலும் பெட்டியை யாரும் தள்ளி வைக்கவில்லை. "அஞ்சு கட்டையில் பாடு" என்கிறோமே, அந்தக் கட்டை இந்தப் பெட்டியின் கட்டைதான்.

ஒரகடம் கம்பெனிக்கு ஷிப்ட் போகிற எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி, அங்கே மெஷினில் ஒட்டியிருக்கிற மாதிரி பெட்டிக்கும் ஒரு சீட்டு எழுதி ஒட்டினாள். மாதம் ஒரு தடவை எல்லாக் குமிழையும் உள்ளே தள்ளி மூடிவிட்டுத் துருத்தி போடணும். கெட்டியாக நின்றால் சரி, உஸ்ஸென்று இறங்கினால் எங்கோ காற்று ஒழுகுது. துருத்தி மடிப்பில் எலி, கரப்பான் கடித்திருக்கா என்று விளக்கு வைத்துப் பார்க்கணும். வாசித்து முடிந்ததும் துருத்தியைக் கொக்கி போட்டு மூடி, துணி சுற்றி, தரையில் வைக்காமல் பலகைமேல் வைக்கணும். கட்டை சிக்கினால் வெயிலில் போடக்கூடாது, மரம் வெடிக்கும், பசை விடும். காய்ந்த அறையில் ரெண்டு நாள் வைத்தாலே பாதி சரியாகும். மீதிக்குக் கட்டையின் பக்கவாட்டில் பென்சில் கரியைத் தேய்த்தால் போதும். குமிழைத் திறக்காமல் வேகமாக அடித்தால் துருத்திதான் கிழியும். இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

நாக்கில் மட்டும் நாங்கள் கை வைப்பதில்லை. நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும் என்று பெரியவர் சொன்னார். சுரண்டினது சுரண்டினதுதான், திரும்ப ஒட்ட முடியாது. அதற்கு அவரையே கூப்பிடுகிறோம்.

விலகுகிறேன் என்ற அக்காதான் இப்போது மாதாமாதம் சீட்டில் கையெழுத்துப் போடுகிறார். உள்கடனில் இன்னும் மூன்று தவணை பாக்கி. உங்கள் குழுவில் சிக்கிக்கொண்ட பெட்டி இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாங்க, பென்சில் நாங்கள் கொண்டு வருகிறோம்.