முளைப்பாலிகையும் விதைநெல்லும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் கலியாணங்களிலே சுமங்கலிப் பெண்கள் மண்சட்டியில் நவதானியம் தூவி, பாலும் நீரும் தெளித்து முளைப்பாலிகை இடுகிறார்கள். வித்து முளைப்பதுபோலக் குலம் தழைக்கவேண்டும் என்பதே கருத்து. ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அத்தானியத்தைக் கடைப் பொட்டலமாகவே வாங்குகிறோம். எம் வீட்டுக் கலியாணமொன்றில், "இது எந்த ஊர் நெல்?" என்று அம்மம்மா கேட்டார். எம்மில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.

பாட்டன்மார் விதைத்த மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் அருகிவிட்டன. புதிய இனங்கள் விளைச்சலைப் பெருக்கிப் பசி தணித்தன. அதை மறுப்பது நன்றிகேடு. கன்னொறுவையிலுள்ள அரசாங்க வித்து வங்கி பழைய இனங்களைக் குளிரறையில் காக்கிறது. எனினும், விதைப்பாரற்ற வித்து பேசுவாரற்ற மொழியே.

தமிழ்நாட்டில், 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். உழவருக்கு 2 கிலோ விதைநெல் கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரும்படி கேட்டார். கொடை கடனாயிற்று, கடனே காவலாயிற்று.

இம்முறையைக் கலியாணப் பந்தலுக்கும் கொண்டுவருவோம். தாம்பூலப் பையில் பிளாஸ்டிக் பொருளுக்குப் பதிலாக நாட்டு வெண்டி, கத்தரி, பயற்றை விதைகளைப் பெயரெழுதி வைப்போம். கலப்பின விதை மறுமுறை அதே குணத்தோடு விளையாது. நாட்டு விதை விளையும். மாடிவீட்டில் நிலமேது என்பீர்கள். வெண்டிக்கு ஒரு பூச்சாடி போதும். விதைநெல்லை ஊரில் வயலுள்ள உறவினரிடம் கொடுப்போம். அடுத்த கலியாணத்துக்கு அது இருமடங்காய்த் திரும்பட்டும்.

அன்று அம்மம்மாவின் கேள்விக்கு நாம் தலைகுனியாமல் விடைசொல்வோம்.