நிழலில் மலரும் வேனிற் பூக்கள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



“முன்புறம் மாமரம், பின்புறம் வேம்பு, வெயிலே விழுவதில்லை, பூச்செடி எங்ஙனம் வளரும்?” என்று குறைப்படாத இல்லம் நம் காலனியில் இல்லை. நிழல் ஒரு குறையன்று. நிழலுக்கென்றே அமைந்த பூக்கள் உள என்று எடுத்துரைக்கவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம். யாம் தோட்டக் கலை பயின்றவர் அல்லோம். பிழை செய்து கற்றதையே கூறுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆனித் திங்களில், அடுத்த வீட்டுக் கன்னட மூதாட்டியார் ‘நெலசம்பிகெ’ என்று சொல்லி ஒரு பிடி கிழங்கு தந்தார். நம் ஊர் நிலச்சம்பங்கி என்றே யாம் அதனைக் கொண்டோம். சம்பங்கிக்கு நல்ல வெயில் வேண்டுமன்றோ? ஆதலின் பகல் முழுதும் வெயில் காயும் வாயிற்புறப் பாத்தியில் நட்டோம். துளிர்த்த இலைகள் ஓரம் கருகின. மார்கழியில் இலையும் இல்லை, தண்டும் இல்லை. பட்டுப்போயிற்று என்றெண்ணிப் பாத்தியைக் கொத்தி, கிழங்குகளை மாமரத்தடிச் சருகுக் குவியலில் எறிந்தோம். “அஜ்ஜி கொடுத்த கிழங்கு என்னவாயிற்று?” என்று இல்லத்தார் வினவியபோது எமக்கு நா எழவில்லை.

பங்குனியில் ஒரு நாட்காலை, அச்சருகின் நடுவே, இலை ஒன்றும் இன்றி, வெண்மையும் ஊதாவும் கலந்த பூக்கள் தரையோடு தரையாக மலர்ந்து மணம் வீசின! மூதாட்டியாரை அழைத்துக் காட்டினோம். “இதே நெலசம்பிகெ!” என்று சிரித்தார். நாம் சம்பங்கி என்பதனைக் கன்னடத்தார் ‘சுகந்தராஜ’ என்பர். நெலசம்பிகெ முற்றிலும் வேறு. பெயரின் ஒலியை நம்பி ஏமாந்தோம். எமது குப்பைமேடு எம்மைத் திருத்தியது.

வடமொழியில் பூசம்பகம் எனப்படுவது இதுவே. இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் குடும்பத்தது. 1753-இல் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இதற்குக் கேம்ப்ஃபெரியா ரொட்டுண்டா என்று பெயரிட்டார். இதனை அறியும் வழி எளிது. முதலில் பூ, பின்னரே இலை. இலையின் மேற்புறத்தில் வெளிறிய திட்டுகளும் அடிப்புறத்தில் ஊதா நிறமும் காணலாம். இதன் உறவான கச்சோலமோ இலைகளைத் தரையில் விரித்து, மழைக்காலத்தில், இலைகளின் நடுவே பூப்பது.

ஐரோப்பிய நாடுகளின் காடுகளில், மரங்கள் தழைத்து வெயிலை மறைக்குமுன் பூத்துவிடுதல் வசந்தகாலச் சிறு பூக்களின் இயல்பு. நம் மைசூரிலோ பனிக்கட்டியும் இல்லை, அது உருகுதலும் இல்லை. வறட்சியில் உறங்கிய கிழங்கு, வேனிலின் வெம்மையாலும் முதல் மழையாலும் விழித்தெழுகின்றது.

இவ்வாறே உறங்கி எழுவது ஃபுட்பால் லில்லி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. சித்திரை வைகாசியில் கோடைமழை பெய்ததும், நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பூக்கள் சேர்ந்து செந்நிறப் பந்தாக நிற்கும். மரநிழல் இதற்கு உகந்தது. ஆயின் இதன் கிழங்கும் இலையும் நச்சுத்தன்மை உடையன; குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாத இடத்தில் நடுக. கூந்தலில் சூடும் பூ வேண்டுவோர் கனகாம்பரம் வைக்கலாம். தென்னை நிழலிலும் அது தயங்காது பூக்கும்.

இனி, நிழலை அளக்கும் முறை. காலை எட்டு முதல் மாலை நான்கு வரை, இரண்டு மணிக்கு ஒருமுறை, வெயில் விழும் எல்லையைக் குறித்துக்கொள்க. ஒருநாட் கணக்கு மட்டும் போதாது. நம் மைசூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 12 பாகை அளவில் உள்ளது. ஆதலின் ஏப்ரல் 23-ஐ ஒட்டி நண்பகற் கதிரவன் உச்சிக்கு நேரே வந்து, ஆகஸ்டு 20 வரையில் வடபால் நிற்பான். தையில் குளிர்ந்த நிழலாய் இருந்த வடபுறச் சுவரடியில் வைகாசியில் வெயில் விழும்! மரத்தடியும், காலை வெயில் மட்டும் படும் கீழ்ப்புறமுமே நம்பத்தக்கவை.

செம்மண்ணுடன் மக்கிய இலையெருவும் சிறிது மணலும் கலந்து, நெலசம்பிகெக் கிழங்கை இரண்டு அங்குல ஆழத்தில் நடுக. நீர் தேங்கினால் அழுகும். இலை பழுத்ததும் நீரை நிறுத்திவிடுக. அதன்பின் அந்த மண்ணைத் தொடாதிருத்தலே பெரும்பணி.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நட்ட இடத்தில் ஒரு மூங்கிற் குச்சி நட்டு, அதில் ஒரு தகட்டைக் கட்டி, பூவின் பெயரையும் பூக்கும் திங்களையும் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி வையுங்கள். நம்மில் பலர் மாறுதல் உத்தரவுக்கு உட்பட்டு வாழ்வோர். நாம் வீட்டைக் காலி செய்யும் நாளில் கிழங்கு உறங்கிக்கொண்டிருக்கலாம். அடுத்து வருவோர், யாம் செய்தது போலவே, வெறும் மண் என்றெண்ணி மண்வெட்டி எடுப்பர். அக்குச்சி அவர்களைத் தடுக்கும். பங்குனியில் அவர்கள் வாயிலிலும் பூ மலரும்.

மூதாட்டியார் தந்த ஒரு பிடி எம் இல்லத்தில் இன்று பல தொட்டிகளாகப் பெருகியுள்ளது. வேண்டுவோர் மாசித் திங்களுக்குள் வந்து பெற்றுச் செல்லலாம். குச்சியையும் உடன் கொண்டு வருக!