எழுதிவைத்த தருமம்



1794ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி தஞ்சைச் சீமையில் ஒருவர் உயில் எழுதினார். நாற்பது வயதுக்காரர். தகப்பன் இறந்த பிறகு பிறந்த பிள்ளை. துபாஷியாக வேலை பார்த்துப் பெரும் பொருள் ஈட்டியவர். உயில் எழுதி ஒன்பதாவது நாள், மார்ச் 31ஆம் தேதி, திருவையாற்றில் கண்ணை மூடினார். அவர் பெயர் பச்சையப்ப முதலியார்.

கோயில் கட்டளைகளுக்கும் அறப்பணிகளுக்கும் சொத்தை எழுதிவைத்துவிட்டுத்தான் அவர் போனார். மனம் இருந்தது, பணம் இருந்தது, உயிலும் இருந்தது. ஆனாலும் நினைத்தது நடக்கவில்லை. பொறுப்பு ஏற்றவர்கள் கையில் பணம் தேங்கியது. உறவுக்காரர்களுக்குள் வழக்கு வந்தது. வருஷங்கள் ஓடின. கடைசியில் சென்னை சுப்ரீம் கோர்ட் தலையிட்டது. அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் அக்கறை எடுத்துக்கொண்டார்கள். கட்டளைகளுக்குப் போக, இத்தனை காலம் சேர்ந்து மிஞ்சிய பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்குச் செலவிடலாம் என்று வழி பிறந்தது. 1842 ஜனவரி 1ஆம் தேதி சென்னை பிராட்வேயில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். அதுதான் வளர்ந்து பச்சையப்பன் கல்லூரி ஆயிற்று. கணிதமேதை ராமானுஜன் அங்கே படித்தார். அறிஞர் அண்ணா அங்கே படித்தார்.

உயில் எழுதிய நாளுக்கும் பள்ளிக்கூடம் திறந்த நாளுக்கும் இடையே 48 ஆண்டுகள். ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, முதுமை அடையும் காலம். இந்தக் கதையை நான் இரண்டு விதமாகவும் பார்க்கிறேன். அந்தத் தாள் ஒன்று இருந்ததால்தான், அரை நூற்றாண்டு கழித்தும் நீதிமன்றத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பிடி கிடைத்தது. அதே சமயம், சாவுக்கு ஒன்பது நாள் முன்பு எழுதாமல் ஒன்பது வருஷம் முன்பு எழுதியிருந்தால், ஏற்பாட்டைத் தாமே இருந்து நடத்திப் பார்த்துச் சரிசெய்திருந்தால், எத்தனை பிள்ளைகள் முன்னதாகவே படித்திருப்பார்கள்! அதனால் இன்று நான் கேட்பது ஒன்றுதான். கொடுக்க நினைப்பதை எழுதிவையுங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே எழுதிவையுங்கள்.

தருமத்தைத் திட்டமிட்டுச் செய்வது நமக்குப் புதிய சங்கதி இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டும் என்றால், ‘எண்ணெய்க்குக் காசு’ என்று ஒரு முறை கொடுத்துவிட்டு யாரும் ஒதுங்கிவிடவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அவற்றை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டி போடும். குட்டியை வளர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்துக்கொள்வது இடையர் பொறுப்பு. அதனால்தான் கல்வெட்டுகளில் அதைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பொறித்தார்கள். எந்த ஆடு யாரிடம், எத்தனை, எவ்வளவு நெய் என்று பெயர் சொல்லிக் கல்லில் வெட்டி வைத்தார்கள். முதல் குறையக் கூடாது, வரும்படியில் அறம் நடக்க வேண்டும். இன்று கல்லூரிகளில் ‘அறக்கட்டளைச் சொற்பொழிவு’ நடப்பதும், வைப்பு நிதியின் வட்டியில் ஒரு பிள்ளைக்குக் கட்டணம் கட்டுவதும் இதே ஏற்பாடுதான்.

சரி, கொடுப்பதற்கு முன்னால் நம் நிலை என்ன? இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். வள்ளுவர் ஈகைக்கென்று தனி அதிகாரமே வைத்தார். ஆனால், தன்னிடம் இருக்கும் அளவை அறிந்து கொடு என்று அவர் சொன்ன இடம் எது தெரியுமா? வலியறிதல் அதிகாரம்! படையெடுக்கும் அரசன் தன் பலத்தை எடைபோட வேண்டிய இடத்தில், கொடுப்பவனும் தன் கையிருப்பை எடைபோட வேண்டும் என்கிறார். இருப்பதைத் தூக்கிப் பார்க்காமல் செய்யும் உதவி சீக்கிரம் கெட்டுவிடும் என்றும் அங்கேயே எச்சரிக்கிறார்.

ஆகவே முதலில் உங்களைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஆறு மாதச் செலவுக்குக் கையில் எடுக்கக்கூடிய பணம் இருக்கட்டும். மருத்துவக் காப்பீடு இருக்கட்டும்; வயது ஏற ஏற அது கிடைப்பதும் கடினம், பிரீமியமும் அதிகம். கடன் இருந்தால் முதலில் அடைத்துவிடுங்கள். கடனை வைத்துக்கொண்டு செய்யும் தருமம் இன்னொருவர் காசில் செய்யும் தருமம். உங்களுக்குப் பிறகு உங்கள் மனைவி அல்லது கணவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ என்ன வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். குடும்ப ஓய்வூதியம் வரும் என்றால் எவ்வளவு என்று அவர்களிடமே சொல்லிவையுங்கள். பல வீடுகளில் அம்மாவுக்கு அப்பாவின் கணக்கு எந்த வங்கியில் என்றே தெரியாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். இருக்கிற ஒரே வீட்டை உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்கோ, ஓர் அமைப்புக்கோ தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். செட்டில்மெண்ட் பதிவானால் சொத்து கைமாறிவிட்டது. பராமரிப்பார்கள் என்ற நிபந்தனையோடு எழுதியிருந்தால், அவர்கள் பராமரிக்காதபோது அதை ரத்துசெய்யக் கேட்க 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த வயதில் கோட்டாட்சியர் அலுவலகப் படி ஏறுவது யார்? உயில் அப்படி இல்லை. உங்கள் மூச்சு இருக்கும்வரை சொத்து உங்களுடையது. மனம் மாறினால் மாற்றி எழுதலாம், பத்து முறை மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

நான் வங்கியில் இருந்த காலத்தில் ஒரு பெரியவர் வருவார். ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவி முன்பே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. ஒவ்வொரு முறை எஃப்.டி. புதுப்பிக்க வரும்போதும், “சார், இது நான் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு” என்பார். ரசீதை மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பார். ஒவ்வொன்றின் பின்பக்கமும் மூலையில் பென்சிலால் ‘பள்ளிக்கூடம்’ என்று சின்னதாக எழுதியிருப்பார். அவர் காலமான பிறகு தம்பி மகன் வந்தார். நாமினியும் அவரே, வாரிசும் அவரே. அதே உறைகள், அதே ரசீதுகள். மேசைமேல் பரப்பிய போது அந்தப் பென்சில் எழுத்து தெரிந்தது. அதில் கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை. சட்டத்தின் கண்ணில் அது வெறும் கிறுக்கல். கணக்கை முடித்துப் பணம் கொடுத்தோம். அந்தத் தம்பி மகனைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தன் மகளின் கல்யாணச் செலவு இருந்தது, சட்டப்படி அது அவர் பணம். ஆனால் அந்த ஆசிரியர் எத்தனை வருஷம் அந்தப் பிள்ளைகளை மனசில் வைத்துக்கொண்டு அந்த ரசீதைப் புதுப்பித்தார்! ஒரு வெள்ளைத் தாளும் இரண்டு சாட்சியும் இருந்திருந்தால் போதும்.

நாமினி போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். வங்கியில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி, உரியவரிடம் சேர்க்கக் கடமைப்பட்டவர். பங்குகளுக்கும் அப்படித்தான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோரை நாமினியாகப் போட்டால் 2015க்குப் பிறகு நிலைமை வேறு. மற்றபடி உரியவர் யார் என்று சொல்வது உயில்தான். ஆனாலும் நாமினி போடாமல் இருந்துவிடாதீர்கள். பத்தாண்டு யாரும் தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் தனி நிதிக்குப் போய்விடுகிறது. 2024 மார்ச் இறுதியில் அந்த நிதியில் 78,000 கோடி ரூபாய்க்கு மேல் கிடந்தது. வாரிசுகள் பிறகும் கேட்டுப் பெறலாம், தெரிந்தால்தானே கேட்பார்கள்? அதில் எத்தனை பேருடைய சொல்லாத ஆசைகள் அடங்கிக் கிடக்கின்றனவோ!

உயில் எழுதுவது அப்படியொன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். நீங்கள் கையெழுத்திட வேண்டும். அதைப் பார்த்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பயன் பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். வீண் சந்தேகம் வரும். உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். பதிவு கட்டாயம் இல்லை என்றாலும் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். வயதானவர்கள் மருத்துவரிடம் ‘நல்ல நினைவோடு இருக்கிறார்’ என்று ஒரு சான்றும் வாங்கிவைத்தால் பின்னால் யாரும் வாய் திறக்க முடியாது. பிதிரார்ஜிதச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுதலாம். இஸ்லாமிய நண்பர்கள், வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்குள் எழுத வேண்டும். கிறிஸ்தவ நண்பர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. நெருங்கிய உறவினர் இருக்கும்போது தருமத்துக்கு எழுதினால், உயில் எழுதிப் பன்னிரண்டு மாதமாவது உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லியது. அது சமத்துவத்துக்கு விரோதம் என்று 2003இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே நீக்கியது. இப்போது அந்தத் தடையும் இல்லை.

தருமத்துக்கு எழுதும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். ‘மிச்சம் இருப்பது தருமத்துக்கு’ என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். 1899இல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு இப்படி ஒரு வழக்குப் போயிற்று. ‘தர்மம்’ என்று மட்டும் சொன்னால் எதற்கு, யாருக்கு என்று நிச்சயமில்லை. எனவே செல்லாது என்று தீர்ப்பாயிற்று. எந்தப் பள்ளி, எந்த ஊர், எந்தப் பதிவு எண் கொண்ட அறக்கட்டளை, எவ்வளவு, எதற்கு என்று எழுதுங்கள். அந்த அமைப்பு உங்களுக்கு முன்னால் மூடப்பட்டுவிட்டால் பணம் வேறு எதற்குப் போக வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். உயிலை நிறைவேற்ற ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவருக்குப் பின் இன்னொருவரையும் போடுங்கள். முதலில் அவரிடம் சம்மதம் கேளுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். அப்பா இறந்த பதினாறாம் நாள் முதல்முறையாகக் கேள்விப்படும் தருமம் வீட்டில் சண்டையாகத்தான் முடியும். முன்பே உட்கார்ந்து பேசிய வீடுகளில் பிள்ளைகளே முன்னின்று நடத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

காத்திருக்கவே வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு நாம் நிற்கும் இந்தக் காரைக்குடி மண்ணே சாட்சி. 1947இல் வள்ளல் அழகப்பர் இங்கே கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். குடியிருந்த வீட்டையும் பெண்கள் படிக்கக் கொடுத்தார். 48 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, 1957 ஏப்ரல் 5ஆம் தேதி மறைந்தார். கொடுத்ததில் பெரும்பகுதி நடப்பதை அவர் கண்ணாலேயே பார்த்தார்.

அவர் பெரும் செல்வர், நமக்கு எட்டாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இன்னொருவரைச் சொல்கிறேன். மதுரை பூரணம் அம்மாள். வங்கியில் எழுத்தர். கொடிக்குளம் அரசுப் பள்ளியைத் தரம் உயர்த்த ஒரு ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக்கொடுத்தார். பல கோடி பெறும் நிலம். தான பத்திரம் எழுதி, பதிந்து, பள்ளிக் கல்வித் துறையிடம் சேர்த்துவிட்டார். 2024 குடியரசு நாளில் தமிழக அரசு அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தது. என்னைப் போல வங்கி மேசையில் உட்கார்ந்தவர் என்பதால் எனக்கு அதில் தனிப் பெருமை. அவரைப் போல ஏக்கர் கணக்கில் நம்மிடம் இல்லாமல் இருக்கலாம். இரண்டு லட்சம் வைப்பு நிதி ஒன்றை நம் தெருவிலுள்ள நூலகத்துக்கு எழுதினாலும், அதன் வட்டியில் வருஷம் தவறாமல் புதுப் புத்தகம் வரும்.

நம் ஓய்வூதியர் சங்கத்துச் செயலாளரிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வழக்கறிஞர் நண்பர்கள் இரண்டு பேர் பின் வரிசையில் இருக்கிறார்கள். எழுந்து ஒரு முறை முகத்தைக் காட்டுங்கள் ஐயா. அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே மண்டபத்துக்கு வருகிறார்கள். உயில் வரைவுக்கு அவர்கள் கட்டணம் வாங்கப்போவதில்லை. வரும்போது வங்கிக் கணக்கு, எஃப்.டி., காப்பீடு, பத்திரம், லாக்கர், கொடுக்க வேண்டிய கடன் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வாருங்கள். இரண்டு பேருக்கும் தனித்தனி உயில் வேண்டும். ஆதார் நகல் ஒன்றும் எடுத்து வாருங்கள். பள்ளிக்கோ நூலகத்துக்கோ மருத்துவமனைக்கோ எழுத விரும்புகிறவர்கள் அந்த நிறுவனத்தின் சரியான பெயரையும் முகவரியையும் முன்கூட்டியே கேட்டுக் குறித்து வாருங்கள். நடக்க முடியாதவர்கள் பெயர் கொடுத்தால், அவர்கள் வீட்டுக்கே போய் எழுதித்தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். பெயர் கொடுக்கும் நோட்டு வாசலில் இருக்கிறது.